ஒண்டியா நின்னா போணி ஆகுமா?

ஆபீஸ் லீவு லெட்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். காய்ச்சல் என்று எழுதலாம். பாட்டி என்று எழுதலாம். (பாட்டியை ஏற்கெனவே மூன்று தடவை அனுப்பியாகிவிட்டது என்றால் பெரியம்மா.) ஆனால், 'எனக்குப் பிடித்த காமெடியனின் புதுப்படம் பார்த்தேன், சிரிப்பே வரவில்லை, மனசு சரியில்லை' என்று எழுத முடியுமோ? எழுதினால் மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேட்பார்கள், அதுவும் கீழ்ப்பாக்கத்திலிருந்து.

ஆனாலும் அப்படி ஒரு துக்கம் இருக்கிறது சார். விசாரிக்கத்தான் யாரும் வருவதில்லை.

ஹீரோ படம் ஊத்திக்கொண்டால் ரசிகனுக்குக் கோபம் வரும். டைரக்டரைத் திட்டுவான், எதிர்க்கோஷ்டி சதி என்பான், ராத்திரி பரோட்டா சாப்பிட்டு ஆறிப்போவான். காமெடியன் படம் ஊத்திக்கொண்டால் கோபம் வராது, சங்கடம்தான் வரும். சிரிக்க வேண்டிய இடத்தில் பின் சீட்டுக்காரர் இருமுவது தெளிவாகக் கேட்கும் பாருங்கள்... அந்தச் சங்கடம்.

நான் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். வைகைப்புயல் வடிவேலு.

2003-ல் 'வின்னர்' வந்தபோது நான் அரை டிராயரிலிருந்து முழு பேன்ட்டுக்கு பிரமோஷன் ஆகியிருந்த சமயம். அன்றிலிருந்து எனக்கும் என் வயசுக்காரர்களுக்கும் தாய்மொழி தமிழ் அல்ல, வடிவேலு. இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் பெயர் இல்லையா? 'வட போச்சே.' புதிதாகச் சேர்ந்த பையன் ஆர்வக்கோளாறில் எல்லா ஃபைலையும் இழுத்துப் போடுகிறானா? 'ஆணியே புடுங்க வேணாம்.' ஆடிட்டர்கள் நாலு பேர் சேர்ந்தாற்போல் உள்ளே நுழைகிறார்களா? 'ஒரு குரூப்பாத்தான்யா அலையறாங்க.' எங்கள் ஆபீஸில் பாதி வேலை இந்த மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும். மீதி வேலை முடியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன், பிரச்னைகளெல்லாம் தீர்ந்து, 2022 டிசம்பர் 9-ம் தேதி 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' படத்தில் மறுபடி கதாநாயகனாக வந்தார். 2006-ல் 'தலைநகரம்' படத்தில் அவர் போட்ட அதே பெயர், அதே டைரக்டர் சுராஜ். லீவு போடாமல் பர்மிஷனில் ஓடினேன். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதைக் கேள்விப்பட்ட முகம். ஒருத்தர் மட்டும், "செகண்ட் ஆஃப்ல பாருங்க" என்றார். அவர் பார்த்திருக்கவில்லை, நம்பிக்கையில் சொன்னார்.

இந்தப் பேச்சு எங்கள் செட்டில் இன்றுவரை ஓயவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஏற்காடு பஸ் ஏறினோம். நான், பில்லிங் செக்‌ஷன் நண்பர், டெஸ்பாட்ச் தம்பி. ஏற்காடு ரோட்டில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வருமல்லவா? 1935-ல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்து, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டூடியோவில் இன்று மிச்சம் நிற்பது அந்த வளைவு. அதைப் பார்த்ததும் சினிமாப் பேச்சு கிளம்பியது. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு ஒரு வாதம்.

"வயசாயிடுச்சுப்பா, டைமிங் போயிடுச்சு" என்றார் பில்லிங்.

"எழுதிக் குடுக்க ஆளில்லைண்ணே" என்றது டெஸ்பாட்ச்.

"2011-ல் பிரசாரத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்..." என்று முன் சீட்டுப் பெரியவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் வடிவேலு விஷயத்தில் தமிழ்நாட்டில் யாரையும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ஒண்டிக்கடையில் இறங்கினோம். ஏரிப் பக்கம் ஏற்காட்டின் நடுமையம் அதுதான். பெயரைக் கேட்டால் ஒரே ஒரு கடை, அதில் ஒரே ஒரு பாட்டி என்று தோன்றும். இறங்கிப் பார்த்தால் டீக்கடை, பஜ்ஜிக்கடை, மிளகு - காபித்தூள் விற்கிற கடை, தொப்பிக்கடை என்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. டெஸ்பாட்ச் தம்பி டீ மாஸ்டரிடம் கேட்டே விட்டான். "ஏங்க, ஒண்டிக்கடைன்னு பேரு, இத்தனை கடை இருக்கே?"

மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "ஒண்டியா நின்னா போணி ஆகுமுங்களா? பக்கத்துல பஜ்ஜி தின்னுட்டு காரம் தாங்காம வர்றவருதானுங்க இங்க டீ குடிக்கிறாரு. அவரு கடையைச் சாத்துனா எனக்குப் பாதி யாவாரம் போச்சுங்க."

இருபது வளைவிலும் நாங்கள் மூன்று பேரும் (ப்ளஸ் பெரியவர்) தேடிய விடையை அந்த மனுஷர் ஒரு கிளாஸ் டீயில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். பத்து ரூபாய்க்கு டீ வாங்கி பத்தாயிரம் ரூபாய் விஷயம் கிடைத்தால் அதற்கு எந்தக் கணக்கில் என்ட்ரி போடுவது?

யோசித்துப் பாருங்கள். வடிவேலுவின் எந்த சீனை நினைத்தாலும் அவர் தனியாக இருக்கிறாரா?

'வின்னர்' கைப்புள்ளைக்கு 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' என்று ஒரு பரிவாரமே உண்டு. (அந்த சங்கத்தின் பெயரையே 2013-ல் சிவகார்த்திகேயன் படத்துக்கு வைத்தார்கள்!) எதிரே அடிப்பதற்கு கட்டதுரையாக ரியாஸ்கான். 'தவசி'யில் ஒசாமா பின்லேடன் விலாசம் கேட்டு வந்து உயிரை வாங்கியவர் கிருஷ்ணமூர்த்தி. 'என் புருசன் குழந்தை மாதிரி'யில் செத்துச் செத்து விளையாடக் கூப்பிட்டவர் முத்துக்காளை. 'கண்ணும் கண்ணும்' படத்தில் குளத்திலிருந்து கரையேறி, 'அடிச்சுக்கூடக் கேப்பாங்க' என்று பீதியைக் கிளப்பிவிட்டு ஓடியவர் போண்டா மணி. 'ப்ரண்ட்ஸ்' நேசமணியின் தலையில் சுத்தியலைப் போட்டவர் ரமேஷ் கண்ணா.

இவர்கள் எல்லாரும் பஜ்ஜிக்கடை. அந்தக் காரம் இருந்ததால்தான் டீ இனித்தது!

காமெடியில் அடிப்பவன் சரியாக அடித்தால்தான் வாங்குபவன் சரியாக அலற முடியும். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டமணி திட்டுவதற்காக நாம் அதைப் பார்க்கவில்லை. திட்டத் திட்ட அசையாமல் ஒரே பதிலைச் சொல்கிறாரே செந்தில், அவர்தான் அந்த சீனின் அஸ்திவாரம். எழுதிக் கொடுத்த ஏ.வீரப்பன் என்கிறவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸில் ஒரு கணக்கு வரும்: பங்குதாரர் ஒருவர் விலகினால் கம்பெனியின் குட்வில்லை எப்படிப் பிரிப்பது? வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னார்: "போர்டுல ஒருத்தர் பேர்தான் இருக்கும். ஆனா குட்வில்லு எல்லாருக்கும் சொந்தம்டா." அன்றைக்குப் புரியாதது இப்போதுதான் புரிகிறது. கைப்புள்ள அண்டு கோ என்பது ஒரு பார்ட்னர்ஷிப் ஃபர்ம். போர்டில் வடிவேலு பெயர். குட்வில் அத்தனை பேருக்கும்.

அந்தப் பங்குதாரர்கள் என்ன ஆனார்கள்? சிங்கமுத்துவும் அவரும் நில விவகாரத்தில் பிரிந்து வழக்குவரை போனார்கள். அல்வா வாசு 2017-ல் போய்விட்டார். கிருஷ்ணமூர்த்தி 2019-ல். போண்டா மணி இரண்டு சிறுநீரகமும் பழுதாகி 2022-ல் உதவி கேட்கிற நிலைமைக்கு வந்து, 2023 டிசம்பரில் கண்ணை மூடினார். ஃபர்ம் கலைந்துவிட்டது. அதே போர்டை மாட்டிக்கொண்டு ஒருத்தரே கல்லாவிலும் உட்கார்ந்து, டீயும் ஆற்றி, பஜ்ஜியும் போட்டால்?

சரி, இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அது நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு நெருக்கமானது.

கைப்புள்ள யார்? மேனேஜர் ரூமுக்குள் போய் பத்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, டையைச் சரி செய்தபடி, "ரெண்டே கேள்விதான் கேட்டேன், ஆளு ஆடிப்போயிட்டாரு" என்று சொல்கிறாரே ஒருவர், அவர்தான் கைப்புள்ள. உங்கள் ஆபீஸில் அப்படி யாரும் இல்லை என்றால், அது நீங்களாக இருக்கலாம். தோற்றுவிட்டுத் தோற்காத மாதிரி நடக்கிறவனைப் பார்த்து நாம் சிரித்தது, அவன் நம்மில் ஒருத்தன் என்பதால். நம் அடியை அவர் வாங்கினார்.

கதாநாயகன் ஆனால் இந்த வசதி போச்சு. கிளைமாக்ஸில் ஜெயித்தாக வேண்டும், டூயட் பாட வேண்டும், நீதி சொல்ல வேண்டும். எட்டு நிமிஷம் அடி வாங்கினால் சிரிப்பு. இரண்டரை மணி நேரம் வாங்கினால் பரிதாபம். திருப்பி அடித்தாலோ அவர் வடிவேலுவே இல்லை! 2006-ல் சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' மட்டும் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். அங்கே இரட்டை வேஷம். ஜெயிக்கிற வேலையைத் தம்பி உக்கிரபுத்தன் பார்த்துக்கொண்டான். புலிகேசி பாட்டுக்கு பயந்துகொண்டே இருந்தான். அதிலும் ஒண்டி இல்லை பாருங்கள்! பிறகு வந்த 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' (2008), 'தெனாலிராமன்' (2014), 'எலி' (2015) எதிலும் அந்தச் சமநிலை திரும்பவில்லை.

இப்போது மைக்கை ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிற ஸ்டாண்ட்-அப் காமெடி நம் ஊரிலும் வந்துவிட்டது. நம்மவரும் ஒரு தடவை அதைச் செய்திருக்கிறார். பஸ்ஸில் அந்தப் பெரியவர் ஆரம்பித்தாரே, அதுதான். 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காக ஊர் ஊராக வேனில் நின்றபடி மைக் பிடித்தார். குறி, விஜயகாந்த். கூட்டம் என்றால் கூட்டம்! சிரிப்பு என்றால் சிரிப்பு! ரிசல்ட் வந்தது: எதிரணிக்கு 234-ல் 203. விஜயகாந்தின் தே.மு.தி.க.வுக்கே 29. அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆகிவிட்டார்.

யார் எந்தக் கட்சிக்குப் பேசினார்கள் என்பது இங்கே விஷயம் இல்லை. அந்த வேனில் அவர் தனியாக நின்றார். மேலே ஏறி அவர் தலையில் தட்ட ஆள் இல்லை. அதைவிட முக்கியம், அதுவரை தன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தவர், அன்றைக்கு இன்னொருத்தரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். அதுவும் 'சின்ன கவுண்டர்' (1992) காலத்திலிருந்து கூட நடித்தவரை. சிரிப்பு அதேதான். ருசி வேறு.

அதன் பிறகு படங்கள் சொற்பம். '24-ம் புலிகேசி' தகராறில் தயாரிப்பாளர் சங்கம் ரெட் கார்டு போட்டு, அது விலகியது 2021 ஆகஸ்டில். ஆனால் அவர் இல்லாத அந்த வருஷங்களில்தான் அவர் எல்லா இடத்திலும் இருந்தார்! 2019 மே கடைசியில், டெல்லியில் பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவியேற்கிற நேரத்தில், 'நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்' என்று ட்விட்டரில் உலகமே அல்லோலகல்லோலப்பட்டது. பதினெட்டு வருஷம் முன்னால் விழுந்த சுத்தியல்! (2001-ல் விழுந்தது, மூலம் 1999 மலையாளப் படம். அங்கே அந்த வேஷம் ஜகதி ஸ்ரீகுமார்.)

சிக்கலே இங்கேதான். சாதாரண ஜோக் ஒரு தடவைக்கு மேல் தாங்காது. வடிவேலு ஜோக் பாட்டு மாதிரி. கேட்கக் கேட்க ஏறுகிறது. சாப்பிடும்போது ஒரு க்ளிப், பஸ்ஸில் ஒரு க்ளிப், ஃபேமிலி குரூப்பில் பெரியப்பா அனுப்பும் குட்மார்னிங்கில்கூட அவர் மூஞ்சி. விளைவு, புதுப்பட வடிவேலுவுக்குப் போட்டி சூரியோ யோகி பாபுவோ இல்லை. கைப்புள்ளயும் நாய் சேகரும்தான் போட்டி. முப்பது வருஷத்துச் சரக்கில் பொறுக்கி எடுத்த எட்டு நிமிஷத்தோடு, நேற்று எடுத்த இரண்டரை மணி நேரம் மோத வேண்டும். யார் ஜெயிப்பார்கள்?

அதற்கு மேல் நம் ரசிக நியாயம் வேறு. பழைய மாதிரி செய்தால், "அதையே எத்தனை தடவைய்யா?" புதுசாகச் செய்தால், "பழைய வடிவேலு இல்லையே." இரண்டு பக்கமும் டெபிட்! கிரெடிட்டே இல்லாத இந்தக் கணக்கை எந்த ஆடிட்டர் பாஸ் பண்ணுவார்?

இந்தச் சோதனை அவருக்கு மட்டும் வந்ததில்லை. சந்திரபாபு 1966-ல் தானே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' திறக்கவே இல்லை. சார்லி சாப்ளினே 1952-ல் 'லைம்லைட்' எடுத்தார். ஜனங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்ட ஒரு கிழட்டுக் கோமாளியின் கதை. அதில் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிற மேடைக் காட்சியில், இவர் வயலினோடு நிற்க, பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பவர் பஸ்டர் கீட்டன். சாப்ளினுக்கே துணைக்கு ஆள் தேவைப்பட்டது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

நாகேஷ் தப்பித்த வழியைப் பாருங்கள். 'சர்வர் சுந்தர'த்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கவில்லை. 1989-ல் 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன். 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம்! வசனமே கிடையாது; சுற்றியிருப்பவர்கள் தூக்கிப்போட்டு இழுக்க, கிடந்தே சிரிக்க வைத்தார். அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பா. தேசிய விருது வீட்டுக்கு வந்தது.

வடிவேலுவுக்கும் அந்தக் கதவு திறந்தது. 2023 ஜூனில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்'. கதை நடப்பது நம்ம சேலம் பக்கத்தில், காசிபுரம் என்கிற கற்பனைத் தொகுதி. எம்.எல்.ஏ. ஆன பிறகும் எதிரே நாற்காலி இருந்தும் உட்கார முடியாமல் நிற்கிற மனுஷனாக அவர். 'தேவர் மகன்' (1992) இசக்கிதான் இந்த மாமன்னன் என்று டைரக்டரே சொன்னார். தியேட்டரில் ஆரம்பத்தில் எனக்குப் பின்னால் ஒரு பையன் பழக்க தோஷத்தில் சிரித்தான். மலைமேல் அவர் அழுகிற காட்சியில் அந்தப் பையன் சத்தமே இல்லை. இதுவும் அடி வாங்குகிற மனுஷன்தான், கவனியுங்கள். கைப்புள்ள வாங்கிய அதே அடி. இந்தத் தடவை வலித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 2025 ஜூலையில் 'மாரீசன்', ஃபகத் ஃபாசிலோடு. ஞாபகமறதிக்காரராக வந்து கடைசியில் வேறு முகம் காட்டினார். கூடவே சரியான ஆள், சரியான எதிர்த்தாளம்!

அதற்கு மூன்று மாதம் முன்னால் வந்த 'கேங்கர்ஸ்' படத்தில், 'வின்னர்' எடுத்த சுந்தர்.சி.யோடு மறுபடி சேர்ந்தபோது சில இடங்களில் தியேட்டர் நிஜமாகவே சிரித்தது. பழைய சிரிப்பு இல்லைதான். அதற்கென்ன? இருபது வருஷம் முன்னால் சிரித்தவர்களும் பழைய ஆட்களாகவா இருக்கிறோம்? அன்றைக்கு நமக்கு ஹோம் லோன் இருந்ததா, தொப்பை இருந்ததா?

ஆகையால் மகாஜனங்களே, அவரிடம் இன்னொரு கைப்புள்ளயைக் கேட்பதை நிறுத்திக்கொள்வோம். கைப்புள்ள ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறான், போனிலேயே இருக்கிறான். புதுப் படத்துக்குப் போனால், அதில் யார் வருகிறாரோ அவரைப் பார்ப்போம். அழ வைத்தால் அழுதுவிட்டு வருவோம்.

இன்னொரு காரியமும் பாக்கி. அடுத்த தடவை ராத்திரி சாப்பிடும்போது பழைய க்ளிப் ஓடினால் வடிவேலுவைப் பார்க்காதீர்கள். அவர்தான் மனப்பாடம் ஆயிற்றே! பக்கத்தில் நிற்கிறவரைப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, சரியான நொடியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாரே, அவரை. பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குட்வில்லில் அவர் பங்கு இன்னும் நம்மிடம்தான் பாக்கி நிற்கிறது.